தாரை வார்த்த நீர்

பூதலூரில் உறவுக்காரப் பெண்ணின் கல்யாணம். முகூர்த்த நேரத்தில் அவளுடைய அம்மா மேடையில் இல்லை. மண்டபத்தின் பின்பக்கம், சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் இறந்து ஆறு வருடம். நெல் விற்ற காசிலும் நகையை அடகு வைத்தும் அந்தக் கல்யாணத்தை நடத்தியவர் அவர்தான். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்தவர்கள் பெரியப்பாவும் பெரியம்மாவும். யாரும் அவரைத் தடுக்கவில்லை. அவராகவே விலகி நின்றார்.

தாரை வார்த்தல் என்ற சடங்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அப்பா பெண்ணின் கையைப் பிள்ளையின் கையில் வைக்கிறார். அம்மா செம்பிலிருந்து நீர் ஊற்றுகிறார். கன்னிகாதானம் என்று அதற்குப் பெயர். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கும் பிராமணருக்கும் நிலம் கொடுத்தபோது எழுதப்பட்ட சொல்லும் இதுவே: நீர் வார்த்துக் கொடுத்தல். நீர் விழுந்துவிட்டால் கொடுத்தவருக்கு அந்தப் பொருளில் உரிமை இல்லை. நிலத்துக்கும் பெண்ணுக்கும் ஒரே சடங்கு; இரண்டிடமும் சம்மதம் கேட்கப்படுவதில்லை.

அம்மி மிதிக்கும்போது கல்லைப் போல உறுதியாய் இரு என்று சொல்லப்படுவதும் பெண்ணிடம்தான். அருந்ததியைப் பார்க்கச் சொல்வதும் கற்பை நினைவூட்டத்தான். ஏழடியில் கடைசி அடி நட்புக்கானது என்கிறது மந்திரம். அந்த நல்ல வார்த்தை மணமக்கள் இருவருக்கும் புரியாத மொழியில் கடந்து போகிறது.

இவையெல்லாம் என்றைக்கும் இருந்தவை அல்ல. அகநானூற்றின் 86ஆம் பாடல் காட்டும் மணத்தில் வேள்வித் தீ இல்லை, புரோகிதர் இல்லை, தாலியும் இல்லை. பெண்கள் நால்வர் கூடி மணமகளை நீராட்டுகிறார்கள். அவள் கூந்தலில் பூவும் நெல்லும் ஒட்டிக்கொள்கின்றன. அங்கும் நீர்தான், ஆனால் யாருக்கோ அவளைக் கொடுக்கிற நீர் அல்ல. அதற்காக அதைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. அந்த நால்வரும் மகனைப் பெற்றவர்கள். பிள்ளையில்லாதவளுக்கு அன்றைக்கும் அந்த இடம் இல்லை. சிலப்பதிகாரத்துக்கு வரும்போது பார்ப்பனர் வழிகாட்ட, மணமக்கள் தீவலம் வந்துவிடுகிறார்கள்.

புரோகிதர் இல்லாத கல்யாணத்தை 1920களின் இறுதியில் சுயமரியாதை இயக்கம் மீண்டும் மேடையேற்றியது. தாலியை அடிமைச் சின்னம் என்றார் பெரியார். ஆனால் 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய ஒரு திருமணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்றது. அதன் சுமை மனைவி என்ற நிலை மீதும் பிள்ளைகளின் சொத்துரிமை மீதும் விழுந்தது. அண்ணா முதல்வரானதும் 1967-ல் இந்து திருமணச் சட்டத்தில் 7அ பிரிவு சேர்க்கப்பட்டது. உறவினர், நண்பர் முன்னிலையில், தங்களுக்குப் புரிகிற மொழியில், ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் சரி. முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லுபடியாயின. இதில் கொடுப்பவர் என்று ஒருவர் இல்லை. பேசுகிறவர்கள் மணமக்கள் இருவர்தான்.

அப்படியும் வார்த்த நீர் காயவில்லை. 1989-ல் தமிழ்நாடு மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை தந்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் மணமான மகள்களுக்கு அது கிடையாது. தாரை வார்த்தாயிற்று, இனி அவள் இந்த வீட்டுக்காரி இல்லை என்பதைச் சட்டமும் தன் மொழியில் சொன்னது. அந்தத் தடை நீங்க 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் வரவேண்டியிருந்தது.

சட்டம் மாறிவிட்டது. டெல்டாவின் கல்யாண மண்டபங்களில் செம்பு அப்படியே இருக்கிறது. எல்லாச் சடங்கையும் ஒரே நாளில் விட்டுவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அடுத்த கல்யாணத்தில், வாசலில் நிற்கிற அம்மாவின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வருவோம். சடங்கு கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால், கெடப்போவது என்ன என்று அவர்களிடமே கேட்போம்.