செம்பு வலையிலிருந்து வந்த ஆர்சனிக்

நச்சியலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1840-இல்தான் தொடங்குகிறார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில், பிரான்சின் துல் நகர நீதிமன்றத்தில், சார்ல் லஃபார்ஜின் உடலில் ஆர்சனிக் இருப்பதாகப் பாரிஸ் நச்சியல் நிபுணர் மத்தேயு ஓர்ஃபிலா அறிவித்தார். மனைவி மாரிக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இந்த வழக்கைப் பொது வாசகரிடம் பரவலாகக் கொண்டு சேர்த்தவர் ஜெர்மன் எழுத்தாளர் யூர்கன் தோர்வால்ட். உள்ளூர் மருந்தாளுநர்கள் தடுமாறினார்கள், பாரிஸ் நிபுணர் வந்தார், உண்மை வெளிப்பட்டது என்பது அவர் சொல்லும் முறை. அதன்படி ஆர்சனிக்கைக் கண்டறியும் மார்ஷ் சோதனையில் குறையில்லை, அதைக் கையாண்டவர்களிடமே குறை.

ஓர்ஃபிலாவின் அறிக்கையை நிதானமாகப் படித்தால் இந்த வாசிப்பு நிற்காது. அதில் நான்கு முடிவுகள் உள்ளன. முதலாவது, உடலில் ஆர்சனிக் உண்டு. இரண்டாவது, அது சோதனைக்குப் பயன்பட்ட வேதிப்பொருள்களிலிருந்தோ சவப்பெட்டியைச் சூழ்ந்த மண்ணிலிருந்தோ வந்ததல்ல. மூன்றாவது, மனித உடலில் இயல்பாகவே இருக்கும் ஆர்சனிக்கும் அல்ல. முந்தைய சோதனைகளின் முரண்பாட்டுக்கு விளக்கம் சொல்ல முடியும் என்பது நான்காவது.

வழக்கின் கனம் முழுவதும் இரண்டாவது, மூன்றாவது முடிவுகளின் மேல்தான் இருக்கிறது. மார்ஷ் சோதனைக்குத் துத்தநாகமும் கந்தக அமிலமும் வேண்டும். அக்காலத்தில் கடையில் கிடைத்த இவ்விரண்டிலுமே ஆர்சனிக் கலந்திருப்பது சாதாரணம். இதைச் சொல்லி எதிர்வாதம் செய்யக்கூடியவர் எதிர்த்தரப்பு அழைத்த வேதியியலாளர் ரஸ்பாய். ஆனால் அவர் துல் வந்து சேர்வதற்குள் தீர்ப்பு முடிந்துவிட்டது. மூன்றாவது முடிவின் நிலை இன்னும் மோசம். எலும்புகளில் இயல்பான ஆர்சனிக் உண்டு என்ற கருத்தை அந்த ஆண்டுகளில் முன்வைத்தவரே ஓர்ஃபிலாதான். சில காலத்திலேயே அக்கருத்து கைவிடப்பட்டது. இத்தனை ஐயங்களுக்கு நடுவில் நின்ற அறிக்கையைத்தான் தோர்வால்ட் வெற்றிக் கதையாக்குகிறார்.

உண்மையான திருப்பம் 1859-இல், லண்டனில் நிகழ்ந்தது என்று கொள்வதே பொருத்தம். இசபெல்லா பேங்க்ஸ் என்பவரை நஞ்சிட்டுக் கொன்றதாக மருத்துவர் தாமஸ் ஸ்மெதர்ஸ்ட்மீது வழக்கு. நச்சியலில் இங்கிலாந்தின் முதன்மை அறிஞர் ஆல்ஃபிரட் ஸ்வெய்ன் டெய்லர், 21 என்று எண்ணிட்ட குப்பியில் ஆர்சனிக் இருப்பதாக முதலில் கூறினார். அவர் செய்தது ரெயின்ஷ் சோதனை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மாதிரியைக் கொதிக்கவைத்து, செம்பு வலையை அதில் இட்டால், ஆர்சனிக் வலையின்மேல் கரிய படலமாகப் படியும். சாதாரணமாகச் செம்பு கரையாது. ஆகவே அதற்குள் மாசு இருந்தாலும் வெளியே வராது. அந்தக் குப்பியிலோ பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அமிலத்தோடு சேர்ந்ததும் குளோரின் உண்டாகி வலையைத் தின்றது. செம்பிலிருந்த ஆர்சனிக் கரைசலில் இறங்கியது. நஞ்சு குப்பியிலிருந்து வந்ததல்ல, தம்முடைய செம்பிலிருந்து வந்தது என்று ஆகஸ்டில் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் டெய்லரே ஒப்புக்கொண்டார்.

இங்கே கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. டெய்லர் கவனக்குறைவானவர் அல்லர். வழக்கமான முறையில் எத்தனை முறை சோதித்திருந்தாலும் அந்தச் செம்பு தூய்மையானதாகவே தோன்றியிருக்கும். மாதிரியில் இருந்த அதே குளோரேட்டோடு ஓட்டிப் பார்க்கும் சோதனை மட்டுமே அதைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

ஸ்மெதர்ஸ்டுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு அறுவை மருத்துவர் பெஞ்சமின் பிராடியின் கருத்தைக் கேட்டறிந்த உள்துறை அமைச்சர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். முதல் மனைவி உயிரோடிருக்க இசபெல்லாவை மணந்ததற்காக மட்டும் ஓராண்டுச் சிறை.

1859-தான் திருப்பம் என்பதற்கு ஒரு மறுப்பு எழலாம். மாதிரி இல்லாமல் எல்லா வேதிப்பொருள்களையும் மட்டும் வைத்து வெற்றுச் சோதனை செய்ய வேண்டும் என்று பாரிஸ் அறிவியல் அகாதெமியின் குழு 1841-லேயே வற்புறுத்திவிட்டதே? அது உண்மை. எனவே இந்தப் பழக்கம் பிறந்த ஆண்டாக 1859-ஐக் குறிக்க முடியாது. 1841-க்கும் 1859-க்கும் இடையே விதி ஏட்டில் இருந்தது என்பதும், அது போதவில்லை என்று நீதிமன்றத்திலேயே வெளிப்பட்டது 1859-இல் என்பதுமே இங்கே வைக்கப்படும் வாதம்.

சென்னைக்கும் இதில் பங்குண்டு. இந்தியாவின் முதல் இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் சென்னை மாகாணத்தில் 1849-இல் அமைந்தது. இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் வேர் அதுதான். டெய்லர் நீதிமன்றத்தில் நேரில் ஒப்புக்கொண்டார்; இந்தியச் சட்டமோ வேறொரு வழியில் சென்றது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293-ஆம் பிரிவின்படியும், இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவின்படியும், அரசு நிபுணரின் அறிக்கை அவர் கூண்டேறாமலே சாட்சியமாகலாம். நீதிமன்றம் விரும்பினால் அவரை அழைக்கலாம். அழைக்காத வழக்குகளில் வெற்றுச் சோதனையின் பதிவும் அறிக்கையோடு இணைந்து நீதிமன்றத்துக்கு வர வேண்டும். குறிப்பாக, மாதிரியில் கலந்திருந்த பிற மருந்துகளையும் சேர்த்து அது ஓட்டப்பட்டதா என்பது அதில் தெரிய வேண்டும்.