சட்டம் கேட்ட கேள்வியும் நாடகம் கேட்ட கேள்வியும்

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! அடுப்பை அணைச்சுட்டு அவசரமா வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

"சமுதாயத்தைத் திருத்தச் சட்டம் போதும், நாடகம் வெறும் பொழுதுபோக்கு" என்று எதிரணி நண்பர் முழங்கினார். நான் சேலத்துக்காரனுங்க. எங்க ஊர்ல கலைன்னா எல்லாரும் டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸைத்தான் சொல்வார்கள். நான் பேச வந்தது, திரையும் இல்லாத, விளக்கும் இல்லாத, வீதி நாடகத்தைப் பற்றி.

கொலை குற்றம் என்று இந்தியத் தண்டனைச் சட்டம் எழுதியது 1860-இல். அப்புறமும் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பெண் சிசுவுக்குக் கள்ளிப்பால் புகட்டினார்களே, ஏன்? சட்டம் வந்து, "யார் கொன்றது?" என்று கேட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஊர் தன் வாயைத் தானே மூடிக்கொண்டது!

1992-இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலம் மாவட்டத்தில்தான் முதலில் தொடங்கியது. நாமக்கல்லும் அப்போது சேலத்தோடு இருந்தது. தனி மாவட்டமானது 1997-இல். அரசுத் தொட்டில் பிள்ளையின் உயிரைக் காப்பாற்றியது. நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனா, அந்தப் பிள்ளை பிறந்த வீட்டுத் தொட்டிலை யார் ஆட்டறது?

அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது நாடகம். சென்னையில் 1984-இல் பிரளயன் முதலியோர் சென்னைக் கலைக்குழுவைத் தொடங்கினார்கள். 1993-இல் அ. மங்கை முன்னின்று 'மௌனக்குரல்' என்ற பெண்கள் நாடக முயற்சியைத் தொடங்கினார். அதில் உருவான நாடகம் 'பச்ச மண்ணு'. பச்சை மண் என்றால் சூளை காணாத மண். நம்ம ஊர் வழக்கில் பிறந்த சிசு!

இந்த வகை நாடகம் எப்படிப் பிறக்கிறது தெரியுமா? ஒரு புலவர் தனியறையில் உட்கார்ந்து எழுதி, "இந்தா, மனப்பாடம் பண்ணு" என்று கொடுப்பதில்லை. எழுதினவர் கோபித்துக்கொள்வாரே என்ற பயமும் இல்லை! (சிரிப்பு) எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். ஒருவர் மாமியார் ஆவார், ஒருவர் மருமகள் ஆவார். நடித்துப் பார்ப்பார்கள். "எங்க ஊர்ல இப்படிப் பேச மாட்டாங்க" என்று ஒருவர் சொன்னால் காட்சி மாறும்.

'பச்ச மண்ணு' பெண்ணின் வாழ்க்கைச் சடங்குகளையே வழியாகப் பிடித்துக்கொண்டது. பூப்பு நீராட்டு, கல்யாணம், வளைகாப்பு... ஒவ்வொன்றுக்கும் சீர், ஒவ்வொன்றுக்கும் கடன்! பார்க்கிற தாய்க்குத் தன் வீட்டுக் கணக்கு அங்கே தெரியும். "யார் கொன்றது?" என்று கேட்டால் அவள் தலைகுனிவாள். "ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டால் அவள் வாய் திறப்பாள். ஆம்பளையும் தப்பிக்க முடியாது. சீர் கேட்டது யார்?

அடுத்து தருமபுரிக்கு வாங்க. 1965 வரை சேலத்தோடு இருந்த பூமி. 1998-இல் அங்கே, டென்மார்க் உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தின்கீழ், பெண் சிசுக்கொலைக்கு எதிராகக் கலைப்பயணம் புறப்பட்டது. அந்த மண்ணின் ஆண்களும் பெண்களுமே பயிற்சி பெற்று, ஊர் ஊராகப் போய் ஆடினார்கள், பாடினார்கள். அதன்பின் அங்கே பெண் சிசுக்கொலைகள் குறைந்தன என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

நாடகம் மட்டுமே சாதித்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வீடு வீடாகப் போன கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் அதில் பங்குண்டு. வேலையும் முடிந்துவிடவில்லை. 2001 கணக்கெடுப்பில், ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் தமிழ்நாட்டில் 942, சேலத்தில் 851! கருவிலேயே பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994-இல் சட்டம் வந்த பிறகும் இந்தக் கணக்கு!

நடுவர் அவர்களே! சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சட்டம் வாசலில் நிற்கட்டும். உள்ளே போய், அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் அம்மிணி அழுவுற?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டாமா? அந்த ஆள்தான் நாடகம். (கைதட்டல்)

தீர்ப்பு உங்கள் கையில்.