வைட்ஃபீல்டின் ஓட்டும் இரட்டைப் பதவியும்

ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பயிர்செய்து பிழைக்கட்டும் என்று டி.எஸ். வைட் என்பவரின் சங்கம், மைசூர் மகாராஜா சாமராஜ உடையார் தந்த நிலத்தில் 1882-இல் அமைத்த குடியிருப்பு வைட்ஃபீல்ட். 2007-இல் அது பெங்களூரு மாநகராட்சிக்குள் வந்தது. அதன் பிறகு அந்த ஊர்க்காரர் தன் வார்டுக்குப் போடும் ஓட்டின் எடை, ஒருவரே இரண்டு மன்றங்களில் உட்காரலாமா என்ற பழைய வழக்கோடு பிணைந்துவிட்டது.

இரட்டைப் பதவி விஷயத்தில் நம் சட்டம் கறாரானது என்றே தோன்றும். நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் ஒருவர் ஒரே சமயத்தில் உறுப்பினராக இருக்க முடியாது. அரசின்கீழ் ஆதாயம் தரும் பதவி வகித்தால் உறுப்பினர் பதவியே போகும். உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சிக் குழுமத்தின் தலைவராக இருந்ததற்காக ஜெயா பச்சன் 2006-இல் மாநிலங்களவை இடத்தை இழந்தார். ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை என்ற வாதம் உச்ச நீதிமன்றத்தில் எடுபடவில்லை. வாங்கும் உரிமை அந்தப் பதவிக்கு இருந்தாலே போதும் என்றது தீர்ப்பு. பதவி தந்து உறுப்பினர்களை அரசர் வளைத்துப்போடுவார் என்று 1701-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் கொண்ட அச்சத்தின் வாரிசு இந்த விதி. இந்த அச்சம் நியாயமானது. ஆனால் நகரத்தின் வாசலுக்கு வரும்போது அதே சட்டம் இளகிவிடுகிறது. அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம், எம்.பி., எம்.எல்.ஏ., மேலவை உறுப்பினர் ஆகியோருக்கு மாநகராட்சியில் இடம் தர மாநிலங்களை அனுமதித்தது. கர்நாடகம் இடத்தோடு ஓட்டையும் தந்தது. 2015-இல் பெங்களூரு மாநகராட்சியின் 198 வார்டுகளில் பாஜக 100-ஐ வென்றும் மேயர் பதவி காங்கிரஸுக்குப் போனது. வேறு தேர்தல்களில் வென்று வந்தவர்கள் மேயர் தேர்தலில் போட்ட ஓட்டு கணக்கை மாற்றியது. எந்தக் கட்சி லாபமடைந்தது என்பது எனக்குப் பெரிதில்லை. வார்டுகளில் மக்கள் தந்த பெரும்பான்மை மன்றத்துக்குள் கரைந்ததே என் கவலை.

எம்.எல்.ஏ.வும் மக்கள் தேர்ந்தெடுத்தவர்தானே, அவர் இருந்தால்தான் மாநில நிதியும் நகரத் தேவையும் ஒன்றுசேரும் என்பார்கள். அவர் இருக்கட்டும், பேசட்டும். நகர நிர்வாகம் அறிந்த வல்லுநர்களை நியமிக்கலாம், ஆனால் அவர்களுக்கு ஓட்டு கிடையாது என்று அதே திருத்தம் சொல்கிறது. அந்த வரம்பை எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கும் வைத்தால் ஒருங்கிணைப்பு எதுவும் கெடாது. அரசியல் சட்டமே அனுமதிக்கிறதே என்ற பதிலும் நிற்காது. அனுமதிதான் உண்டு, கட்டாயம் இல்லை. ஆகவே இது கர்நாடகச் சட்டமன்றம் தானே எடுத்த முடிவு, அதை மாற்றவும் அதனால் முடியும். நடந்ததோ எதிர்த்திசையில். 2015-இல் அமைந்த மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தபின் தேர்தல் நடக்காமலே ஐந்து ஆண்டுகள் ஓடின. 2025-இல் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்து, வைட்ஃபீல்ட் கிழக்கு மாநகராட்சிக்குப் போனது. ஐந்துக்கும் மேலே உள்ள பெருநகர ஆணையத்தின் தலைவர், அவற்றை மேற்பார்க்க வேண்டிய மாநில அரசை நடத்தும் முதலமைச்சரேதான்.