கரை கறுத்த பிறகு



பே பிரிட்ஜ் மேல் காரில் போகும்போது கீழே விரிந்து கிடக்கும் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். 1971ல் ஒருமுறை, 2007ல் ஒருமுறை அந்த விரிகுடாவில் கப்பல் எண்ணெய் கொட்டிக் கரைகள் கறுத்தன. எண்ணெயில் தோய்ந்த பறவைகளின் படங்கள் அன்றைய செய்தித்தாள்களில் வந்தன. ஜனங்கள் ஓடிவந்து உதவிய கதையும் வந்தது. எண்ணெயை வாரி எடுத்தபின் நடந்த வேலையைப் பற்றித்தான் அதிகம் பேர் பேசுவதில்லை. சுத்தம் செய்வது சில வாரங்களின் வேலை. அழிந்துபோனதைத் திரும்ப உண்டாக்குவது பல ஆண்டுகளின் வேலை. இந்த இரண்டாவது வேலையை நம் நாடு எப்படிக் கற்றுக்கொண்டது என்ற வரலாற்றை இங்கே பார்ப்போம்.

1971: வைக்கோலோடு வந்தவர்கள்

1971 ஜனவரி 18, விடியற்காலை. கோல்டன் கேட் பாலத்தின் அருகே கடும் மூடுபனி. ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியின் அரிசோனா ஸ்டாண்டர்டு, ஒரேகான் ஸ்டாண்டர்டு என்ற இரண்டு டேங்கர் கப்பல்கள் ஒன்றோடொன்று மோதின. சுமார் 8 லட்சம் கேலன் எண்ணெய், அதாவது 30 லட்சம் லிட்டர், கடலில் கலந்தது. அலை அதை விரிகுடாவுக்கு உள்ளேயும் வெளியேயும் இழுத்துப் போனது.

யாரும் அழைக்காமலே ஆயிரக்கணக்கானோர் கரைக்கு வந்தார்கள். எண்ணெய் மேல் வைக்கோலைத் தூவி, அது ஊறியதும் கவைக்கோலால் அள்ளினார்கள். பொலினாஸ் என்ற சிற்றூரில் ஒரு காயல் உண்டு. எண்ணெய் உள்ளே புகுந்தால் அதன் சதுப்பு முழுவதும் பாழாகும் என்று ஊராருக்குத் தெரிந்தது. காயலின் வாயில் மரக்கட்டைகளால் மிதவைத் தடுப்பு கட்டி எண்ணெயை நிறுத்தினார்கள்.

பறவைகளின் காரியம் துக்கமாக முடிந்தது. சுமார் 4,300 பறவைகளைத் தொண்டர்கள் சேகரித்தார்கள். திரும்பப் பறக்கவிட முடிந்தது ஏறக்குறைய 300 மட்டுமே. அன்பு குறைவாக இருந்ததால் அப்படி நடக்கவில்லை. எண்ணெய் பட்ட பறவையை எப்படிக் கழுவுவது, எப்படிச் சூடாக வைத்துக்கொள்வது, எப்போது தீனி கொடுப்பது என்று யாருக்கும் தெரியாது. பறவையின் இறகு மழைக்கோட்டு மாதிரி. எண்ணெய் பட்டால் நீர் உள்ளே புகும், உடல் குளிர்ந்துபோகும். தவறான முறையில் கழுவினாலும் அதே கதிதான்.

அந்த நாட்களில் பறவைகளைப் பராமரித்தவர்களில் ஆலிஸ் பெர்க்னர் என்ற நர்ஸ் ஒருவர். அடுத்த முறையாவது அறிவோடு செய்ய வேண்டும் என்று அவர் 1971 ஏப்ரலில் ‘இன்டர்நேஷனல் பேர்ட் ரெஸ்க்யூ’ என்ற அமைப்பைத் தொடங்கினார். இன்று உலகின் பல நாடுகளில் எண்ணெய்க் கசிவு நடந்தால் அவர்களைக் கூப்பிடுகிறார்கள். 1972ல் துறைமுகங்களில் கப்பல் போக்குவரத்தைக் கண்காணிக்கச் சட்டமும் வந்தது.

ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அழிந்துபோன சதுப்புக்கும் மீன் சினைக்கும் யார் பொறுப்பு?

1990: நாற்று நட்ட நகரம்

இதற்கான பதிலைத் தேட அமெரிக்காவின் மறுகரைக்குப் போக வேண்டும். நியூ ஜெர்சியில் எடிசன், உட்பிரிட்ஜ் பக்கம் இருக்கும் நம் உறவினர்களுக்கு ஆர்தர் கில் தெரிந்திருக்கும். நியூ ஜெர்சிக்கும் ஸ்டேட்டன் தீவுக்கும் நடுவே ஓடும் குறுகிய கடல்வாய் அது. 1990ஆம் ஆண்டு பிறந்த அன்று, லிண்டனில் உள்ள எக்ஸான் ஆலையின் நீரடிக் குழாய் உடைந்து 5,67,000 கேலன் எரிஎண்ணெய் அதில் கசிந்தது. ஒன்பது மாதங்களுக்கு முன்புதான், 1989 மார்ச் 24ல், அதே கம்பெனியின் எக்ஸான் வால்டீஸ் கப்பல் அலாஸ்காவில் பாறையில் மோதி 1.1 கோடி கேலன் கொட்டியிருந்தது.

ஆர்தர் கில் கரையோரத்தில் ஸ்பார்டினா என்ற உவர்ப்புல் வளரும். கடல் நீர் ஏறி இறங்கும் இடத்தில் நிற்கிற புல் அது. அதன் வேர்தான் சேற்றைப் பிடித்து வைக்கும். புல் செத்தால் வேர் மக்கும், வேர் மக்கினால் கரை கரைந்துபோகும். எண்ணெய் பட்ட பல இடங்களில் புல் செத்தது.

1991ல் எக்ஸான் கட்டிய இழப்பீட்டில் ஒரு பகுதி சதுப்புகளுக்கு ஒதுக்கப்பட்டது. நியூ யார்க் நகரப் பூங்காத் துறை இதற்கென்று ஒரு குழு அமைத்து, நாற்றங்காலில் உவர்ப்புல் வளர்த்து, கடல் வற்றும் நேரம் பார்த்துச் சேற்றில் இறங்கி நட்டது. தஞ்சாவூர்க்காரருக்கு இந்த வேலையை விளக்கத் தேவையில்லை. நட்ட இடங்களில் புல் பிடித்தது. நடாமல் விட்ட இடங்கள் பல ஆண்டுகள் வெறும் சேறாகவே கிடந்தன. “விட்டுவிட்டால் இயற்கை தானாகச் சரியாகிவிடும்” என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்று அந்தச் சேறு காட்டியது.

அவசரப்பட்டுச் சுத்தம் செய்தாலும் கேடு வரும். 1978ல் பிரான்ஸ் கடற்கரையில் அமோகோ காடிஸ் என்ற டேங்கர் உடைந்தபோது, ஒரு சதுப்பில் எண்ணெயோடு மண்ணையும் இயந்திரங்களால் சுரண்டி எடுத்தார்கள். அப்படிச் சுரண்டிய இடம், தொடாமல் விட்ட சதுப்பைவிடத் தாமதமாகவே தேறியது. ஆகவே எங்கே நட வேண்டும், எங்கே கை வைக்காமல் இருக்க வேண்டும் என்று முதலில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நெகேமியா எருசலேமின் அலங்கத்தைக் கட்டும் முன் இராத்திரியில் போய் இடிந்த இடங்களைச் சுற்றிப் பார்த்தது நமக்குத் தெரியும். ஜனங்களைக் கூப்பிட்டது அதற்குப் பிறகுதான்.

1990 ஆகஸ்ட் 18ல் ‘ஆயில் பொல்யூஷன் ஆக்ட்’ சட்டமானது. எண்ணெய் கொட்டியவர் சுத்தம் செய்யும் செலவைக் கொடுத்தால் மட்டும் போதாது, இயற்கைக்கு உண்டான இழப்பைக் கணக்கிட்டு, அதை மீட்கும் செலவையும் கொடுக்க வேண்டும் என்று அது உறுதியாகச் சொன்னது. அந்தப் பணத்தை வேறு வேலைக்குச் செலவிட முடியாது. மீட்புத் திட்டத்தைப் பொதுமக்கள் முன் வைத்துக் கருத்துக் கேட்கவும் வேண்டும்.

2007: கடற்புல்லும் மீன் சினையும்

2007 நவம்பர் 7, காலை 8.30. மறுபடியும் மூடுபனி. காஸ்கோ புசான் என்ற சரக்குக் கப்பல் பே பிரிட்ஜின் ஒரு தூணின் காப்பில் உரசி அதன் பக்கவாட்டு கிழிந்தது. கொட்டியது வெறும் 140 கேலன் என்று முதலில் சொன்னார்கள். கடைசியில் கணக்கிட்டபோது 53,569 கேலன். 1971ல் கொட்டியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் 6,800க்கு மேற்பட்ட பறவைகள் செத்தன.

இந்த முறையும் ஜனங்கள் ஓடிவந்தார்கள். ஆனால் பயிற்சி இல்லாதவர்கள் முதலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். எண்ணெயின் நஞ்சு மனிதரையும் தாக்கும் என்பதால், பயிற்சி பெற்ற பிறகே கரையில் இறங்க அனுமதித்தார்கள். பலருக்குக் கோபம். ஆனாலும் 1971ல் கற்ற பாடம் அதற்குள் இருந்தது.

பிறகுதான் கண்ணுக்குத் தெரியாத ஒரு சேதம் வெளியே வந்தது. குளிர்காலத்தில் ஹெர்ரிங் மீன் விரிகுடாவுக்குள் வந்து, ஆழமில்லாத இடத்தில் கடற்புல்லிலும் பாறையிலும் சினை ஒட்டும். அது நம்மூர் மத்திக்கு உறவான மீன். எண்ணெய் பட்ட கரைகளில், அலை ஏறி இறங்கும் இடத்தில் ஒட்டியிருந்த சினைகளை 2008ல் விஞ்ஞானிகள் எடுத்துப் பார்த்தபோது பெரும்பாலும் செத்திருந்தன. சற்று ஆழத்தில் கூண்டில் வைத்தவை உயிரோடு இருந்தன, ஆனால் குஞ்சுகளின் இருதயத்தில் கோளாறு தெரிந்தது. எண்ணெயின் மிச்சமும் சூரிய வெளிச்சமும் சேர்ந்து ஆழமில்லாத இடத்தில் இரட்டை நஞ்சாக வேலை செய்திருக்க வேண்டும் என்று எழுதினார்கள். கரை பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்தச் சாவு நின்றிருந்தது.

கப்பலை நடத்திய பைலட்டுக்கு 2009ல் 10 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. 2011ல் வழக்கு 4.44 கோடி டாலருக்கு முடிந்தது. அதில் 3.23 கோடி டாலர் மீட்பு வேலைக்கு. பறவைகளுக்கு 50 லட்சம், கரைச் சதுப்புகளுக்கும் கடற்கரைக்கும் 40 லட்சம், மீனுக்கும் கடற்புல்லுக்கும் 25 லட்சம் என்று பிரித்தார்கள். பெரும் பகுதியான 1.88 கோடி, கரைக்குப் போக முடியாமல் போன பொதுமக்களுக்காகப் பூங்காக்களிலும் நடைபாதைகளிலும் செலவிட ஒதுக்கப்பட்டது.

கடற்புல்லை நடுவதும் நாற்று நடுவது போலத்தான். நன்றாக வளர்ந்த இடத்திலிருந்து கொஞ்சம் பிடுங்கி, நீர் வற்றும் நேரத்தில் புது இடத்தில் ஊன்றுகிறார்கள். எல்லாம் பிடிப்பதில்லை. பிடிக்காத இடத்தில் அடுத்த வருஷம் மறுபடியும் நட வேண்டும். மரின் கவுண்டியில் ரிச்சர்ட்சன் விரிகுடாவில் அரம்புரு என்ற சிறு தீவு இருக்கிறது. கொட்டிய மண்ணால் உண்டான தீவு, கரை அரித்துக்கொண்டே இருந்தது. அங்கே சரளைக்கல்லும் சிப்பியும் பரப்பிப் பறவைகளும் கடல்நாய்களும் தங்கும் கரையாக மாற்றினார்கள்.

பறவைகளுக்கான பணத்தில் ஒரு பகுதி கடலைவிட்டு மலைக்குப் போனது. மார்பிள்ட் மர்லெட் என்ற சிறிய கடற்பறவை, சாந்தா குரூஸ் மலைகளில் பழைய ரெட்வுட் மரக்கிளையில் ஒரே ஒரு முட்டை இடும். பிக்னிக் வருபவர்கள் சிந்தும் சாப்பாட்டுக்காக அண்டங்காக்கைகளும் ஜே பறவைகளும் கூடுகின்றன. கூடியவை அந்த முட்டையையும் தின்றுவிடுகின்றன. அதனால் அங்கே சிந்தாமல் சாப்பிடச் சொல்லித்தருகிறார்கள். கடலில் செத்த பறவைக்குப் பதிலாக ஒரு குஞ்சு பிழைக்க இதுவும் ஒரு வழி. நம் சபைப் பிக்னிக்கில் சிந்திய முறுக்கைப் பொறுக்கி எடுப்பதும் இதில் சேரும்!

எண்ணூர்

இந்தக் கதை நம் ஊரிலும் நடந்தது. 2017 ஜனவரி 28ல் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லை என்று முதலில் அறிக்கை வந்தது. சில நாட்களில் மாணவர்களும் மீனவர்களும் வாளிகளால் கரிய குழம்பை அள்ளிக்கொண்டிருந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தை மூடியது. அலையாத்தி மரங்களின் அடிப்பகுதி கறுத்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது.

நிவாரணம் அவசியம்தான். வலை கறுத்தவனுக்கு அன்றைக்குச் சோறு வேண்டும். ஆனால் இறாலும் நண்டும் மறுபடி பெருகும் இடமாக அந்தக் கழிமுகம் மாறினால்தான் அவன் பிள்ளைக்கும் சோறு. பணம் கொடுத்ததோடு கணக்கை முடித்துவிட்டால் பாதி வேலை நின்றுபோகும். ஆர்தர் கில் சேறு சொன்னது அதைத்தான்.

நாம் என்ன செய்யலாம்?

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் 1850க்குப் பின் அலைச் சதுப்புகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. மிச்சமிருப்பது கொஞ்சம் என்பதால்தான் சிறிய கசிவும் பெரிய அடியாக விழுகிறது. 2016ல் விரிகுடாவைச் சுற்றியுள்ள ஒன்பது கவுண்டிகளின் வாக்காளர்கள் ‘மெஷர் ஏஏ’வுக்கு ஓட்டுப் போட்டு, சதுப்பு மீட்புக்காக ஒவ்வொரு மனைக்கும் வருஷம் 12 டாலர் வரி கட்ட ஒத்துக்கொண்டார்கள். உங்கள் வீட்டுச் சொத்துவரி ரசீதில் அந்த 12 டாலரை அப்பாவிடம் காட்டச் சொல்லுங்கள்.

ஃப்ரீமான்ட், ஹேவர்ட், ஆல்விசோ பக்கம் பழைய உப்பளங்கள் இருக்கின்றன. 2003ல் கார்கில் கம்பெனியிடமிருந்து 15,000 ஏக்கருக்கு மேல் வாங்கி, கரையை உடைத்து, கடல் நீரை மறுபடி உள்ளே விட்டு வருகிறார்கள். 50 ஆண்டுத் திட்டம் அது. ஞாயிறு பள்ளியில் இன்று பாட்டுப் படிக்கும் குழந்தைகள் பேரன் பேத்தி எடுக்கும்போது அது முடியலாம்.

வாலிபர் ஐக்கியத்துக்கு ஒரு ஆலோசனை. கசிவு நடக்கும் நாளுக்காகக் காத்திராமல், வருஷத்துக்கு ஒரு சனிக்கிழமை இந்தச் சதுப்புகளில் நாற்று நடும் அல்லது களை எடுக்கும் தொண்டு வேலைக்கு ஒரு குழுவாகப் பெயர் கொடுங்கள். அடுத்த வருஷமும் அதே இடத்துக்குப் போங்கள். போன வருஷம் நட்டதில் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் மறுபடி நடுங்கள். ஊருக்கு விடுமுறையில் போனால் எண்ணூர் முகத்துவாரத்தையும் ஒருமுறை பார்த்து, அங்குள்ள மீனவர்களிடம் இப்போது என்ன மீன் கிடைக்கிறது என்று கேட்டு வாருங்கள். வந்து எல்லாருக்கும் சொல்லுங்கள்.