தெரியாமையா, தயக்கமா? உயர் இரத்த அழுத்த வழிகாட்டுநெறிகளும் 41 விழுக்காடு என்னும் எண்ணும்

மருத்துவருக்கு வழிகாட்டுநெறி தெரியவில்லை. தெரியவைத்துவிட்டால் நோயாளியின் இரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்துவிடும். மருத்துவர்களுக்கான தொடர்கல்வித் திட்டங்கள் பலவும் இந்த அனுமானத்தின் மேல்தான் நிற்கின்றன. அதற்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் எண் ஒன்று உண்டு. ஹைமன், பாவ்லிக் இருவரும் 2000-இல் ‘ஆர்க்கைவ்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, வினாப்படிவத்துக்கு விடையளித்த அமெரிக்க முதல்நிலை மருத்துவர்களில் 41 விழுக்காட்டினர் கூட்டுத் தேசியக் குழுவின் (ஜே.என்.சி.) நெறிகளைக் கேள்விப்பட்டதே இல்லை, அல்லது அவற்றோடு பழக்கமில்லை என்றார்கள். அந்த எண்ணோடு எனக்குப் பிணக்கில்லை. அது எதற்குச் சான்று என்பதில்தான் முந்தைய ஆய்வு மரபோடு இக்கட்டுரை மாறுபடுகிறது.

அதே ஆய்வில் குறைவாக மேற்கோளாகும் பகுதி இன்னொன்று இருக்கிறது. ஏற்கெனவே மருந்து உட்கொள்ளும் நடுவயது நோயாளிக்கு டயஸ்டாலிக் அழுத்தம் தொடர்ந்து 94-இல் நிற்கிறது என்றால் மருந்தைக் கூட்டுவீர்களா என்று கேட்டதற்கு, ஏறத்தாழ கால்வாசிப் பேர் மாட்டோம் என்றனர். சிஸ்டாலிக் 158-இல் நிற்கும் நோயாளிக்கு மூன்றில் ஒருவர் மாட்டோம் என்றனர். எல்லை 140/90 என்பது மருத்துவ மாணவருக்கும் மனப்பாடம். 158 அதைவிடக் கூடுதல் என்பதை அறிய எந்தக் குழுவின் அறிக்கையும் வேண்டியதில்லை. எனவே இந்த விடை அறியாமையிலிருந்து வந்தது என்று கொள்வதைவிட, ‘இந்த அளவுக்கு இன்னொரு மாத்திரை தேவையில்லை’ என்ற தீர்ப்பிலிருந்து வந்தது என்று கொள்வதே பொருந்தும். ஒரே வினாப்படிவம் இரண்டு வேறு பொருள்களை அளந்திருக்கிறது: ஓர் ஆவணத்தோடு உள்ள பழக்கத்தையும், மருந்தைக் கூட்டும் மனத்தையும். முந்தைய வாசிப்பு முதலாவதை இரண்டாவதற்குக் காரணமாக்கிவிட்டது.

அந்த வாசிப்புக்கு ஆதரவாக ஒன்று சொல்லியாக வேண்டும். நெறிகளோடு பழக்கம் உள்ளதாகச் சொன்னவர்கள், சிகிச்சை தொடங்கும் எல்லையையும் தாழ்வாகவே குறித்திருந்தனர். இத்தொடர்பு உண்மையானது. ஆனால் அதன் திசையை ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பால் நிறுவ முடியாது. இரத்த அழுத்தத்தில் அக்கறை கொண்ட மருத்துவர்தான் நெறிகளைத் தேடிப் படிப்பார். அவரே மருந்தையும் முன்கூட்டித் தொடங்குவார். அறிவு அக்கறையின் விளைவாகவும் இருக்கலாம். வினாப்படிவம் அனுப்பப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே விடையளித்தார்கள். ஆகவே உண்மையான அறியாமை இன்னும் அதிகமாக இருக்கும் என்று சிலர் வாதிடுவர். இருக்கட்டும். அது 41-ஐக் கூட்டுமே தவிர, காரண காரியத் தொடர்பை உறுதிப்படுத்தாது.

இன்னும் அடிப்படையான சிக்கல், வினாப்படிவத்தில் வரும் நோயாளி தாளில் இருப்பவர் என்பது. அவருக்கு மூட்டுவலி இல்லை. அவர் மாத்திரையை மறப்பதில்லை. ‘போன தடவை நார்மல்னு சொன்னீங்களே’ என்று கேட்பதுமில்லை. தாள் நோயாளிக்கு 158 என்றால் மூன்றில் இரண்டு மருத்துவர்கள் மருந்தைக் கூட்டத் தயார். நேரில் நடப்பது என்ன? பெர்லோவிட்ஸ் குழுவினர் 1998-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, நியூ இங்கிலாந்துப் பகுதியில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் ஐந்தில் 800 ஆண்களின் கோப்புகளை இரண்டு ஆண்டுக் காலத்துக்குத் தொடர்ந்தது. இரத்த அழுத்தம் தொடர்பாக ஆண்டுக்குச் சராசரியாக ஆறு முறைக்கு மேல் அவர்கள் மருத்துவரைப் பார்த்திருந்தனர். அப்படியும் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரின் அழுத்தம் 160/90 அல்லது அதற்கு மேல் இருந்தது. சிகிச்சை கூட்டப்பட்டதோ 6.7 விழுக்காடு வருகைகளில் மட்டும். கட்டுக்குள் இருந்தவர்களின் வருகைகளும் இதில் அடங்கும் என்பதால், இந்த எண்ணைத் தாள் நோயாளியின் எண்ணோடு நேருக்கு நேர் வைத்துப் பார்க்க இயலாது. இரண்டும் வேறு மருத்துவர் கூட்டங்கள் என்பதையும் மறக்கவில்லை. ஆயினும் சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலான இடைவெளி இவ்வளவு அகன்றிருக்கும்போது, அதை அறியாமை ஒன்றாலேயே நிரப்ப முடியும் என்று நம்புவது கடினம்.

இந்த ஐயத்தைச் சோதிக்கும் பரிசோதனை ஹைமன், பாவ்லிக் கணக்கெடுப்புக்கும் முன்பே நடந்து முடிந்திருந்தது என்பதே வியப்பு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எவன்ஸ், ஹேன்ஸ் முதலியோர் முதல்நிலை மருத்துவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு உயர் இரத்த அழுத்தச் சிகிச்சை பற்றிய பாடங்களை அஞ்சலில் அனுப்பினர். முடிவு 1986-இல் ‘ஜாமா’ இதழில் வந்தது. பாடம் பெற்றவர்களின் அறிவு மதிப்பெண் கூடியது. அவர்களுடைய நோயாளிகளின் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டில் வேறுபாடு காணப்படவில்லை. தேர்வில் தேறியது மருத்துவர் மட்டுமே.

அப்படியானால் மருந்தைக் கூட்டவிடாமல் தடுப்பது எது? கெர் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பயன்படும். அழுத்தம் உயர்ந்த நிலையில் வந்த நீரிழிவு நோயாளிகளில் 49 விழுக்காட்டினருக்கு மட்டுமே அந்த வருகையில் சிகிச்சை மாற்றப்பட்டது. மாற்றாமைக்கு வலுவாகத் தொடர்புபட்ட காரணிகளுள் ஒன்று, எதிரே தெரியும் எண் உண்மையானதா என்ற ஐயம். மறுபடி அளந்தபோது அளவு குறைந்திருந்தாலோ, வீட்டில் பார்த்தால் சரியாக இருக்கிறது என்று நோயாளி சொன்னாலோ மருத்துவர் கையை எடுத்துவிடுகிறார். நம் புறநோயாளர் பிரிவுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ‘ராத்திரி தூக்கமே இல்ல டாக்டர்’, ‘பஸ்ஸ விட்டுட்டு ஓடி வந்தேன்’ என்ற சொற்களுக்குப் பின் சீட்டில் பழைய மாத்திரையே மறுபடி எழுதப்படுகிறது. இந்த ஐயம் பல நேரம் நியாயமானதும்கூட. கைக்குத் தாங்கல், சரியான அளவுள்ள கைப்பட்டை, ஐந்து நிமிட ஓய்வு ஆகியவை இல்லாமல் எடுத்த ஓர் அளவை நம்பி ஆயுள் முழுதும் உண்ணவேண்டிய மருந்தைக் கூட்டத் தயங்குபவரை அறியாதவர் என்று சொல்லலாகாது. அவருக்குத் தேவைப்படுவது நம்பத்தக்க இரண்டாவது அளவு. கருத்தரங்கால் அதைத் தர முடியாது.

நெறிகளே தங்களுக்குள் முரண்படுவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜே.என்.சி.யின் எட்டாவது குழுவாக நியமிக்கப்பட்டவர்கள் 2014-இல், 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இலக்கை 150/90-க்குத் தளர்த்தினர். குழுவின் 17 பேரில் ஐவர் மாற்றுக் கருத்தைத் தனியே வெளியிட்டனர். 2017-இல் அமெரிக்க இதயவியல் அமைப்புகள் 130/80 என்றன. இரண்டையும் முழுதாகப் படித்த மருத்துவர், எதையும் படிக்காதவரைவிடக் கூடுதலாகவே தயங்குவார்.

என் வாசிப்புக்கு எதிராக நிறுத்தத்தக்க வலுவான சான்று ‘ஆல்ஹாட்’ பரப்புத் திட்டம். 2002-இல் வெளியான அந்தப் பெரும் மருந்தாய்வின் முடிவுகளை, பயிற்சி பெற்ற ஆய்வாளர்களே நேரில் சென்று 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்களிடம் விளக்கினர். திட்டம் மிகுதியாகச் செயல்பட்ட மாவட்டங்களில் தயசைடு வகைச் சிறுநீர்ப்பெருக்கி மருந்துகளின் பயன்பாடு மிதமாகக் கூடியது. அறிவு செயலை மாற்றியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாறியது என்ன என்று பார்க்க வேண்டும். எந்த மருந்தை எழுதுவது என்ற தேர்வு மாறியது. இன்றைக்கு மருந்தைக் கூட்டுவதா, அடுத்த மாதம் பார்த்துக்கொள்வதா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு விடை தகவலில் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கான விடை, அந்த அறையில் அந்த நிமிடத்தில் யார் எவ்வளவு பொறுப்பை ஏற்கிறார் என்பதைப் பொறுத்தது. கட்டுப்பாடின்மையின் பெரும்பகுதி இரண்டாவது கேள்வியில்தான் சிக்கியிருக்கிறது என்பதே என் துணிபு.

வட கலிஃபோர்னியாவின் கைசர் பெர்மனென்டே அமைப்பில் கட்டுப்பாட்டு விகிதம் 2001-இல் 43.6 விழுக்காடாக இருந்து 2009-இல் 80.4-ஆக உயர்ந்தது. அங்கும் வழிகாட்டுநெறி உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் செய்தார்கள். அதோடு நோயாளிப் பதிவேடு இருந்தது. மருந்து மாற்றிய சில வாரங்களில் மருத்துவ உதவியாளரே அழுத்தத்தை அளந்தார். இரு மருந்துகள் சேர்ந்த ஒற்றை மாத்திரை இருந்தது. இவற்றுள் எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல முன்–பின் ஒப்பீட்டால் முடியாது. கல்விதான் செய்தது என்பதற்கு அதைச் சான்றாக்கவும் முடியாது. இந்தியாவில் 2017-இல் பஞ்சாப், மத்தியப் பிரதேசம், கேரளம், தெலங்கானா, மகாராட்டிரம் ஆகிய மாநிலங்களில் தொடங்கிய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சி இதே வழியில் நடக்கிறது. மருந்தின் பெயர், அளவு, அடுத்த படி ஆகிய மூன்றும் அதன் சிகிச்சைப் படிமுறையில் குறிக்கப்பட்டுள்ளன. மருத்துவர் மனப்பாடம் செய்ய வேண்டியது மிகக் குறைவு.

பயிற்சித் திட்டங்களை மதிப்பிட முன்தேர்வு, பின்தேர்வு மதிப்பெண்களை ஒப்பிடும் வழக்கத்தை இனியும் ஏற்பது கடினம். இலக்கைத் தாண்டிய அளவு பதிவான வருகைகளை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றில் எத்தனையில் மருந்து கூட்டப்பட்டது, எத்தனையில் மறு அளவுக்கு நாள் குறிக்கப்பட்டது, எத்தனையில் எதுவுமே எழுதப்படவில்லை என்று எண்ண வேண்டும். கடைசி வகைதான் நாம் குறைக்க வேண்டியது. இதற்கு வேண்டிய தரவு புறநோயாளர் சீட்டிலேயே கிடைக்கும், அளவையும் முடிவையும் ஒரே வரியில் எழுதும் பழக்கம் இருந்தால்.