இறங்கத் தெரிந்த பைக்

1975 மே மாதம் லண்டன் வெம்பிளி மைதானத்தில் ஈவல் கனீவல் என்ற அமெரிக்கச் சாகசக்காரர் மோட்டார் சைக்கிளில் 13 பஸ்களைத் தாண்டப் பாய்ந்தார். பாய்ந்ததில் குறையில்லை. இறங்கியதில்தான் வினை. பைக்கோடு உருண்டு இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அதே வருஷம் அக்டோபரில் ஓஹையோவில் 14 பஸ்களைத் தாண்டிப் பத்திரமாகத் தரையைத் தொட்டார். மனிதருக்குப் புத்தி வரவில்லை, கூட்டத்துக்கும் ஆசை அடங்கவில்லை.

அந்தப் பித்தை அடாரி நிறுவனம் உடனே பிடித்துக்கொண்டது. 1976ல் காசு போட்டு ஆடும் 'ஸ்டன்ட் சைக்கிள்' வந்தது. 1977ல் அதையே வீட்டு டிவியில் செருகி ஆடும் பெட்டியாக்கினார்கள். பெட்டியின் மேலேயே ஹேண்டில்பார் மாதிரி ஒரு பிடி. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் திரையில் பைக் ஓடும், பஸ் வரிசையைத் தாண்டும், அடுத்த முறை பஸ் கூடும். மோட்டார் சைக்கிள் சாகசம் வீட்டுக்குள் நுழைந்தது இப்படித்தான். ஆனால் ஆட்டக்காரர் கையில் இருந்தது எவ்வளவு முறுக்குவது என்ற ஒரே கணக்கு. சக்கரம் தரையை விட்ட பிறகு அவரும் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். கனீவலின் எலும்பு உடைந்த இடம் எதுவோ, அந்த இடத்தில் விளையாட்டே இல்லை.

அந்த இடத்தை நிரப்பியது ஜப்பானின் கியோட்டோ நகரம். அங்கிருந்த நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் 'ஃபேமிகாம்' என்ற வீட்டுப் பெட்டியை விற்கத் தொடங்கியிருந்தது. அதன் தொடக்க கால ஆட்டங்கள் பெரும்பாலும் ஒரே திரைக்குள் முடிபவை. மேலே ஏறு, கீழே இறங்கு, அவ்வளவுதான். 'டாங்கி காங்' ஆட்டத்தால் பெயர் வாங்கியிருந்த நின்டெண்டோ வடிவமைப்பாளர் ஷிகெரு மியாமோட்டோவுக்கு இப்போது திரை நகர வேண்டும், அதுவும் குலுங்காமல் ஓட வேண்டும் என்ற ஆசை. எஸ்.ஆர்.டி. என்ற நிறுவனத்தின் தோஷிஹிகோ நகாகோ நிரல் எழுதும் பக்கம் நின்றார். 1984 நவம்பர் 30 அன்று 'எக்ஸைட்பைக்' என்ற மோட்டார் சைக்கிள் ஆட்டம் கடைக்கு வந்தது.

மொத்த ஆட்டமும் 24 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படம் ஒன்றே இதைவிடப் பெரிது. அந்தப் பெட்டிக்குப் படத்தைச் சுழற்றிக் காட்டத் தெரியாது. அதனால் பைக் மூக்கைத் தூக்குவது, தாழ்த்துவது, குப்புற விழுவது எல்லாவற்றுக்கும் தனித்தனிப் படம் வரைந்தாக வேண்டும். இடமோ கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் செலவிட அவர்கள் தேர்ந்தெடுத்தது பைக்கின் சாய்வை. என் கணக்கில் எக்ஸைட்பைக் பிறந்தது அந்தத் தேர்வில்தான்.

மண்மேட்டில் ஏறிப் பைக் எம்பியதும் இடது பக்கம் அழுத்தினால் முன்சக்கரம் தூக்கும், வலது பக்கம் அழுத்தினால் தாழும். இறங்கும் இடம் சரிவா, சமதளமா என்று பார்த்து, இரண்டு சக்கரமும் ஒன்றாகப் படியும்படி வண்டியை அந்தரத்திலேயே திருத்த வேண்டும். சரியாகப் படிந்தால் வேகம் குறையாமல் போகலாம். தப்பினால் ஓட்டுபவர் தூக்கியெறியப்பட்டு ஓரத்தில் கிடப்பார். எழுந்து பைக்கை நோக்கி ஓடுவார். பட்டனைத் தட்டத் தட்ட வேகமாக ஓடுவார். விழுந்தவனையும் சும்மா இருக்க விடாத இந்தக் குறும்புதான் எனக்கு மிகவும் பிடித்தது.

வேகத்துக்கும் விலை வைத்தார்கள். ஏ பட்டன் சாதாரண வேகம், பி பட்டன் டர்போ. டர்போவிலேயே போனால் திரையின் அடியில் உள்ள வெப்ப அளவு ஏறிக்கொண்டே போகும். நிரம்பினால் இன்ஜின் நின்றுவிடும், அது ஆறும்வரை ஓரமாகக் காத்திருக்க வேண்டும். பாதையில் வரைந்திருக்கும் அம்புக்குறி மேல் ஏற்றினால் சூடு சட்டென்று தணியும். மற்ற பைக்குகளும் ஓடும்போது இன்னொரு வம்பு உண்டு. உங்கள் முன்சக்கரம் அடுத்தவர் பின்சக்கரத்தில் பட்டால் விழுவது நீங்கள். உங்கள் பின்சக்கரத்தில் அவர் மோதினால் விழுவது அவர். ஆடியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சில நாள் பந்தயத்தை விட்டு இதையே வேலையாக வைத்துக்கொள்வோம்.

1985 அக்டோபரில் நின்டெண்டோ அமெரிக்காவில் கால் வைத்தபோது கூடவே கொண்டுபோன முதல் தொகுதி ஆட்டங்களில் எக்ஸைட்பைக்கும் ஒன்று. அதற்குச் சில வாரம் முன்பு, செப்டம்பரில், ஜப்பானில் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' வந்திருந்தது. மியாமோட்டோ, நகாகோ இருவரும் அதிலும் உண்டு. திரையைப் பக்கவாட்டில் வழுக்கி ஓடவிடும் வித்தையைப் பைக்கில் பழகிய கை அது. மரியோ வேகமாக ஓட அழுத்துவதும் பி பட்டன்தான்.

நம்மூருக்கு இந்த பைக் முறைப்படி வந்ததைவிட நகலாக வந்ததே அதிகம். 90களில் டிவி கேம் என்று விற்ற மலிவுப் பெட்டிகளின் கேசட்டுகளில் நூறோடு நூற்றொன்றாக அது கிடந்தது. மியாமோட்டோ யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'பைக் ரேஸ்' என்றால் எல்லோருக்கும் தெரியும்.

எக்ஸைட்பைக்கில் 'டிசைன்' என்றொரு பகுதி உண்டு. மேடு, பள்ளம், சேறு என்று துண்டு துண்டாக அடுக்கி நாமே பாதை போடலாம். 1984ல் ஒரு வீட்டு விளையாட்டு, வாங்கியவனிடமே பாதை போடும் வேலையைக் கொடுத்தது பெரிய காரியம். பக்கத்திலேயே 'சேவ்', 'லோட்' என்று இரண்டு வரிகள். அவை வேலை செய்ய ஃபேமிகாமோடு ஒரு டேப் ரெக்கார்டரை இணைக்க வேண்டும், பாதை பாட்டு நாடாவில் பதிவாகும். அந்தக் கருவி ஜப்பானைத் தாண்டவில்லை. அமெரிக்கப் பதிப்பிலிருந்து அந்த வரிகளை நீக்கவும் இல்லை. இவை இப்போது இயங்காது, வருங்காலத் தேவைக்காக வைத்திருக்கிறோம் என்று கையேட்டில் மட்டும் சொல்லிவைத்தார்கள். ஜப்பானில் 1988ல் வட்டில் வந்த புதுப் பதிப்பு பாதைகளைச் சேமித்தது. அமெரிக்கச் சிறுவன் மாலை முழுக்க அடுக்கிய மேடுகள், பெட்டியை அணைத்ததும் போயின. 2007ல் நின்டெண்டோ இதே ஆட்டத்தை வீ என்ற பெட்டிக்கு மறுபடி விற்றபோது, அந்த 'சேவ்' வேலை செய்தது.