காசநோயின் நிழலில் மறைந்திருந்த குரல்வளை நோய்

அவிநாசியிலிருந்து சேலம் நெடுஞ்சாலையில் கிழக்கே சென்றால் பெருந்துறை வரும். அங்கு இப்போது மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால், ஒரு காலத்தில் கொங்கு நாட்டில் பெருந்துறை என்றாலே காசநோய் சானடோரியம்தான். மாதக்கணக்கில் ஒருவருக்குக் குரல் கம்மி, உடலும் இளைத்தால், சயரோகமோ என்ற அச்சம் எழும். வீட்டில் அவருக்குத் தட்டும் டம்ளரும் தனியாகிவிடும். அவர்களுள் பெரும்பாலோருக்குச் சந்தேகம் சரியாகவே இருந்திருக்கும். மிகச் சிலருக்கு மட்டும் யாரையும் தொற்றாத வேறொரு நோய் இருந்திருக்கக்கூடும். அதன் பெயர் சார்க்காய்டோசிஸ்.

உயிருள்ள மனிதனின் குரல்வளையைப் பார்க்க வழிகாட்டியவர் மருத்துவர் அல்லர். மனுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார். 1854-இல் அவர் ஒரு சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் வெயிலைத் திருப்பித் தம் குரல்நாண்களையே பார்த்தார். 1869-இல் லண்டனில் ஜொனாதன் ஹட்சின்சன் ஒரு தொழிலாளியின் தோலில் விசித்திரமான ஊதாத் தடிப்புகளைக் கண்டார். 1899-இல் நார்வே நாட்டு சீசர் போக் அத்தகைய தோல் கட்டிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, ‘சதை போன்றது’ என்று பொருள்படும் சார்க்காய்டு என்ற பெயரைத் தந்தார். நுரையீரல், நிணநீர்க் கணுக்கள், கண் என உடலெங்கும் இந்நோய் தோன்றும் என்பது பின்னரே தெளிவாயிற்று. அடிப்படைக் காரணம் இன்றும் புலப்படவில்லை.

இந்தியாவில் இதைப் பற்றிய கட்டுரைகள் 1950-களில்தான் வரத் தொடங்கின. சென்னையில் ஆர்.வி.ராஜம் குழுவினர் 1957-இல் ஒரு நோயாளியின் விவரத்தோடு விரிவான ஆய்வுரை வெளியிட்டனர். அதற்குமுன் இங்கே இந்நோய் இல்லையா? இருந்திருக்கும், காசநோய்க் கணக்கில் சேர்ந்திருக்கும். இரண்டிலும் திசுக்களில் உயிரணுக்கள் சிறு முடிச்சுகளாகத் திரள்கின்றன. காசநோய் முடிச்சின் நடுப்பகுதி பெரும்பாலும் பாலாடைக்கட்டிபோல் நைந்துவிடும். சார்க்காய்டு முடிச்சு பொதுவாக அப்படி நைவதில்லை. 1882-இல் காக் கண்டறிந்த காசநோய்க் கிருமியும் அதில் காணப்படுவதில்லை.

தவறு தெரியாமற்போக இன்னொரு காரணமும் உண்டு. சார்க்காய்டோசிஸ் பலருக்குத் தானாகவே தணிந்துவிடும். ஓராண்டு காசநோய் மருந்து சாப்பிட்டவர் தேறினால் பெருமை மருந்துக்குப் போய்விடும். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியால் செவித்திறன் குன்றியவர்கள் உண்டு. இல்லாத நோய்க்காக அந்த விலையைக் கொடுப்பது எவ்வளவு கொடுமை!

சார்க்காய்டோசிஸ் உள்ள 100 பேரில் ஏறத்தாழ 1 முதல் 5 பேருக்கே குரல்வளை பாதிக்கப்படுகிறது. பெரும்பாலும் குரல்நாண்களுக்கு மேலுள்ள பகுதி, குறிப்பாகக் குரல்வளை மூடி, வெளிறித் தலைப்பாகைபோல் தடிக்கும். குரல் அமுங்கி ஒலிக்கும். தொண்டையில் ஏதோ அடைத்தாற்போல் இருக்கும். மூச்சில் இரைச்சல் கேட்கும். குரல்வளைக் காசநோயில் விழுங்கும்போது வலி மிகுதி. இதில் வலி குறைவு. ஆனால் வலியை மட்டும் நம்பி முடிவு செய்யலாகாது. திசுத் துணுக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். கிருமியைச் சாயமிட்டும் வளர்த்தும் தேட வேண்டும். மார்பு எக்ஸ்ரே வேண்டும். காசநோய் மலிந்த நம் நாட்டில் மாண்டு சோதனையில் தோல் தடிக்காமல் போனால், அதுவும் ஒரு துப்பு. தொழுநோயும் சில பூஞ்சைகளும் இதே முடிச்சுகளை உண்டாக்குவதால் அவற்றையும் விலக்கியாக வேண்டும்.

இத்தனை எச்சரிக்கை எதற்கு? சார்க்காய்டோசிஸுக்கு முதன்மையான மருந்து ஸ்டீராய்டு. காசநோய்க் கிருமி இருக்கும் உடலில், அதற்குரிய மருந்தின்றி ஸ்டீராய்டு மட்டும் சென்றால், அடங்கியிருந்த நோய் பற்றிக்கொள்ளும். ஆகவே திசுச் சோதனைக்கு முன் அவசரப்பட்டுக் கொடுப்பது ஆபத்து. மூச்சுப்பாதை அடைபடும் நிலையில் மட்டும் காத்திருக்க முடியாது. கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து உயிரைக் காக்க நேரும். சிலருக்குத் தடிப்பிலேயே ஸ்டீராய்டை ஊசியாகச் செலுத்துகிறார்கள். மிகுந்த தசையை லேசர் கொண்டு குறைக்கிறார்கள். பிரெட்னிசலோன் மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கும்போது வீக்கம் மீண்டும் தலைகாட்டுவதுண்டு. அதனால் குரல் தெளிந்த பிறகும் நோயாளி அவ்வப்போது வந்து தொண்டையைக் காட்டிச் செல்ல வேண்டியிருக்கிறது.